வலிப்பு உள்ளவர்களுக்கு என்று தனிக் குணம் உண்டா? தம்பிக்குக் கொடுத்த கேள்வித்தாள் பற்றி

குடியாத்தம் சரவணன் | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துப் படியுங்கள்.

என் தம்பிக்கு 27 வயது. எட்டாவது படிக்கும்போது வலிப்பு ஆரம்பித்தது. கீழே விழுந்து கைகால் இழுக்கிற வகை எப்போதாவதுதான். அதிகம் வருவது வேறு மாதிரி. பேசிக்கொண்டே இருப்பவன் சட்டென்று நிறுத்திவிடுவான். பார்வை ஒரே இடத்தில் நிற்கும். வாயைச் சப்புக்கொட்டுவான், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பான். ஒரு நிமிடம் போல இருக்கும். அப்புறம் "எங்க விட்டேன்?" என்று கேட்பான். மூளையில் காதை ஒட்டி இருக்கும் டெம்போரல் பகுதியில், இடது பக்கத்திலிருந்து கிளம்புகிறது என்று ஸ்கேனிலும் மூளை மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யிலும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்களுக்குக் கைலி வியாபாரம். நூல் கணக்கு, தறிக்காரர்கள் கூலிக் கணக்கு எல்லாம் அவன்தான். ஒரு பைசா பிசகாது. ஆனால் பேச ஆரம்பித்தால் விடமாட்டான். ஒரு விஷயம் கேட்டால் அதற்கு முன்னால் நடந்தது, அதற்கும் முன்னால் நடந்தது என்று போய்க்கொண்டே இருப்பான். எதிரில் இருப்பவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாலும் பேசுவான். தினமும் நோட்டு நோட்டாக எழுதுகிறான். பொங்கலுக்கு அப்புறம் கோபம் வேறு அதிகமாகிவிட்டது. மருந்து கூட ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள், அப்படியும் இப்படித்தான்.

ஆபரேஷன் செய்ய முடியுமா என்று பார்க்க ஒரு ஆஸ்பத்திரியில் வரிசையாகப் பரிசோதனைகள் வைத்தார்கள். அதில் ஒன்று, ஆமாம் இல்லை என்று டிக் போடும் கேள்வித்தாள். அவனுக்கு ஒன்று, அவனைப் பற்றி நான் நிரப்ப ஒன்று. ரிப்போர்ட்டில் "விடாமல் ஒட்டும் பேச்சு, மிகுந்த ஒழுக்கப் பிடிவாதம், மதப்பற்று அதிகம், அளவுக்கு மீறி எழுதுதல்" என்று வந்திருக்கிறது. யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை. பேப்பரைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அதைப் படித்த சித்தப்பா, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன், இது வலிப்புக் குணம்" என்றார். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பெண் பார்க்கிற நேரம் இது.

வலிப்பு வந்தால் குணமே இப்படி ஆகிவிடுமா? இந்தக் கேள்வித்தாள்களை எவ்வளவு நம்பலாம்?

---

வாலாஜா ராமமூர்த்தி | சனி, இரவு 10.25

தம்பி சரவணன், நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். மனசில் பட்டதைச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். என் வகுப்புகளில் வலிப்புள்ள பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பிடிவாதமும் ஒரு சிடுசிடுப்பும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மூளையில் ஒரு பகுதி கெட்டால் கை வராமல் போகிறது, பேச்சு வராமல் போகிறது. குணமும் மூளையில்தானே இருக்கிறது? அது மட்டும் மாறாது என்று சொன்னால் எப்படி? மறைப்பதைவிட ஒப்புக்கொண்டு அதற்கேற்ப நடத்துவது நல்லது என்பது என் எண்ணம்.

---

ஆம்பூர் நிலா | சனி, இரவு 11.50

ராமமூர்த்தி ஐயா, மரியாதையோடுதான் எழுதுகிறேன். எனக்கு வலிப்பு உண்டு. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற செக்‌ஷனில் வேலை. நீங்கள் சொன்ன சிடுசிடுப்பு எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது எங்களிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா?

வலிப்பு வந்து முடிந்து கண் திறக்கும்போது சுற்றி முப்பது பேர் நின்றிருப்பார்கள். கையில் சாவிக்கொத்தைத் திணித்திருப்பார்கள். ஒருத்தர் மூக்கில் வெங்காயம் வைப்பார். தாவணி விலகியிருக்கும், சில சமயம் சிறுநீர் போயிருக்கும். நாக்கு கடிபட்டு ரத்தம். தலை வெடிக்கிற மாதிரி வலி. அந்த நேரத்தில் என்னைப் பிடித்து எழுப்பினால் கையைத் தட்டிவிடுவேன். "பொண்ணு முரடு" என்று பெயர். ஸ்கூலில் எக்ஸ்கர்ஷன் போகவிடவில்லை, கிணற்றடிக்கு விடவில்லை, அடுப்படிக்கு விடவில்லை, கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார வைத்தார்கள். இப்படி வளர்ந்த பிள்ளை பிடிவாதம் பிடிக்காமல் வேறு என்ன செய்யும்?

சரவணன் அண்ணா, நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொங்கலுக்கு அப்புறம் கோபம் என்கிறீர்கள், கூட ஒரு மாத்திரை சேர்த்தார்கள் என்கிறீர்கள். இரண்டில் எது முதலில்? அந்த மாத்திரை லெவிடிரசிட்டமா? எனக்கு அதைக் கொடுத்தபோது வீட்டில் தட்டு பறந்தது. அம்மா ஒரு வார்த்தை சொன்னால் உடம்பெல்லாம் பற்றி எரிகிற மாதிரி இருக்கும், பத்து நிமிடம் கழித்து நானே உட்கார்ந்து அழுவேன். டாக்டரிடம் சொன்னதும் படிப்படியாக மாற்றினார். கோபம் போய்விட்டது. அது என் குணமா?

---

குடியாத்தம் சரவணன் | ஞாயிறு, காலை 7.15

நிலாம்மா, இப்போதுதான் மாத்திரைச் சீட்டையெல்லாம் எடுத்துத் தேதி பார்த்தேன். நீங்கள் கேட்ட அதே மாத்திரைதான். சேர்த்தது தை பிறப்பதற்கு முன். கோபம் அதற்கு அப்புறம்தான். எங்கள் வீட்டில் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நிறுத்திவிடலாமா?

---

மன்ற நடத்துநர் | ஞாயிறு, காலை 7.40

மருந்தை யாரும் இங்கே படித்துவிட்டு நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் அடுத்தடுத்து நிற்காமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள். இழை தொடரட்டும்.

---

காட்பாடி மீனாட்சி | ஞாயிறு, பிற்பகல் 3.10

நான் மருத்துவ உளவியலாளர். நரம்பியல் நோயாளிகளுக்குச் சோதனை வைப்பதுதான் என் வேலை. சரவணன் சொன்ன ரிப்போர்ட்டின் சொற்களைப் பார்த்தாலே அது எந்தக் குடும்பத்துக் கேள்வித்தாள் என்று தெரிகிறது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

1970களில் அமெரிக்காவில் நார்மன் கெஷ்விண்ட் என்ற நரம்பியல் மருத்துவர், டெம்போரல் வலிப்பு உள்ள சிலரிடம் ஒரே மாதிரியான போக்குகளைப் பார்த்தார். அதிகமாக எழுதுவது, மதத்திலும் தத்துவத்திலும் ஆழ்ந்த பற்று, பாலுணர்வில் மாற்றம், பேச்சை முடிக்காமல் ஒட்டிக்கொண்டிருப்பது. 1975ல் அவரும் ஸ்டீஃபன் வாக்ஸ்மனும் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். 1977ல் டேவிட் பேர், பால் ஃபெடியோ இருவரும் இதை அளக்க ஒரு கேள்வித்தாள் செய்தார்கள். 18 பண்புகள். நோயாளி தன்னைப் பற்றி நிரப்ப ஒன்று, அவரை நன்றாகத் தெரிந்தவர் நிரப்ப ஒன்று. உங்களுக்கு இரண்டு தாள் கொடுத்தது அந்த வழக்கத்தில்தான்.

அந்த ஆய்வில் சுவாரசியமான ஒரு விஷயம் உண்டு. வலது பக்கத்திலிருந்து வலிப்பு கிளம்புகிறவர்கள் தங்கள் குறையைக் குறைத்துச் சொன்னார்கள், கூட இருப்பவர்கள் அதிகமாகச் சொன்னார்கள். இடது பக்கம் உள்ளவர்கள் நேர்மாறு. மற்றவர்கள் சொன்னதைவிடத் தங்களையே கடுமையாக எடைபோட்டார்கள். சரவணன், உங்கள் தம்பியின் தாளையும் உங்கள் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா?

ஆனால் அந்த ஆய்வில் இருந்த வலிப்பு நோயாளிகள் முப்பது பேர்கூட இல்லை. ஒப்பிட எடுத்துக்கொண்டவர்கள் ஆரோக்கியமானவர்களும் தசை நோய் உள்ளவர்களும். 1982ல் டான் முங்காஸ் என்பவர் அதே கேள்வித்தாளை, வலிப்பே இல்லாத மனநல நோயாளிகளிடமும் கொடுத்துப் பார்த்தார். அவர்களும் அதே அளவு மதிப்பெண் வாங்கினார்கள். அதாவது தாள் அளந்தது வலிப்புக்கு மட்டும் உரிய குணத்தை அல்ல. மனம் கஷ்டத்தில் இருக்கும் யாரிடமும் தெரியக்கூடிய பொதுவான தொந்தரவைத்தான். இதற்கு அப்புறம் வந்த ஆய்வுகளும் ஒரே பக்கம் சாயவில்லை. ஒரு சிலரிடம் அந்தப் போக்குகள் கூட்டாக நிஜமாகவே தெரிகின்றன, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவர்களிடம் இல்லை.

இன்னொரு சங்கடம், கேள்விகளே. 566 வாக்கியங்கள் கொண்ட எம்.எம்.பி.ஐ. என்ற பழைய ஆளுமைச் சோதனையை வலிப்புள்ளவர்களுக்கு நிறையக் கொடுத்திருக்கிறார்கள். அதில், செய்தது பிறகு நினைவில்லாமல் போகிறதா, விநோதமான அனுபவங்கள் வருகின்றனவா, உடம்பில் மரத்துப்போகிற உணர்வு உண்டா என்கிற மாதிரி வாக்கியங்கள் வரும். வலிப்புள்ளவர் உண்மையைச் சொன்னால் "ஆமாம்" என்றுதான் போட வேண்டும். போட்டால் மனச்சிதைவு அளவுகோலில் மதிப்பெண் ஏறும். நோயின் அறிகுறியை ஆளுமைக் கோளாறாக எண்ணிவிடுகிற இடம் இது. சோதனை வைப்பவர் ஒவ்வொரு பதிலையும் எடுத்து "இது எப்போது வரும், வலிப்பை ஒட்டியா, மற்ற நேரத்திலுமா" என்று கேட்காவிட்டால் ரிப்போர்ட் தவறிப்போகும்.

அப்புறம் மதப்பற்று. அமெரிக்கர்களை வைத்து அளவு கட்டிய தாள். நம் ஊரில் ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்குக் காவடி எடுப்பவர், பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர், ஐந்து வேளை தொழுகிறவர், ஞாயிறு இரண்டு ஆராதனைக்கும் போகிறவர், எல்லோரும் அதில் "அதிகம்" என்றுதான் வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத விஷயம் ரிப்போர்ட்டில் நோய்க்குறியாக நிற்கும். நான் இதில் எப்போதும் கேட்பது, முன்பு இருந்ததைவிட மாறியிருக்கிறதா என்பதை மட்டும்தான்.

---

குடியாத்தம் சரவணன் | ஞாயிறு, மாலை 5.00

மேடம், நீங்கள் சொன்னபடி இரண்டு தாளின் மதிப்பெண்ணையும் பார்த்தேன். ஆச்சரியமாக இருக்கிறது. அவன் தனக்குத் தானே போட்டுக்கொண்டது நான் போட்டதைவிட மோசம். குற்ற உணர்வு, வருத்தம் இரண்டிலும் நான் பாதிகூடப் போடவில்லை. மதப்பற்று என்று வந்தது வேடிக்கையாக இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே கோயிலுக்குக் குறைவாகப் போகிறவன் அவன்தான்.

---

வாலாஜா ராமமூர்த்தி | ஞாயிறு, இரவு 8.30

மீனாட்சி அம்மா, விளக்கத்துக்கு நன்றி. நிலா சொன்னதையும் இரண்டு முறை படித்தேன். பிள்ளைகளை நாம் ஓரமாக உட்கார வைத்தது உண்மை. இருந்தாலும் என் கேள்வி நிற்கிறது. மூளையில் மாற்றம் இருக்கும்போது நடத்தையில் ஒன்றுமே இராது என்று நீங்களும் சொல்லவில்லையே. பின் எதை மூளையிலிருந்து வருவது என்று எடுத்துக்கொள்வது?

---

ராணிப்பேட்டை டாக்டர் | ஞாயிறு, இரவு 10.05

பொது மருத்துவன், வலிப்பு நிபுணன் அல்ல. ஐயா கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு என் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

முதலில் நேரம். வலிப்பு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒரு நாள் முன்பே, எரிச்சலும் மந்தமும் வரும். வீட்டில் உள்ளவர்கள் "இன்னிக்கு வரும் போல" என்று சொல்லிவிடுவார்கள். வலிப்பு வந்து போனதும் முகம் தெளிந்துவிடும். வலிப்பு முடிந்த கையோடு குழப்பம் இருக்கும். அப்போது பிடித்து இழுத்தால் தள்ளிவிடுவார்கள், நிலா சொன்னது இதுதான். இன்னொன்று பலருக்குத் தெரியாது. வரிசையாகப் பல வலிப்புகள் வந்து, அப்புறம் ஒன்றிரண்டு நாள் நன்றாகவே இருந்துவிட்டு, திடீரென்று சந்தேகம், காதில் குரல், தூக்கமின்மை, மூர்க்கம் என்று ஆரம்பிக்கும். நடுவில் நன்றாக இருந்ததால் வலிப்போடு யாரும் முடிச்சுப் போடமாட்டார்கள். பேய் பிடித்தது என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மருந்து கொடுத்தால் பெரும்பாலும் சில நாட்களில், சில வாரங்களில் சரியாகும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். தன்னையும் பிறரையும் காயப்படுத்திக்கொள்ளும் அபாயம் உண்டு.

"வலிப்புக்காரன் அடிப்பான்" என்று ஒரு பயம் இருக்கிறதே, அதைப் பற்றி 1981ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வீடியோ பதிவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். சுமார் 5400 நோயாளிகளில், வலிப்பின்போது முரட்டுத்தனம் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டுப் பொறுக்கி எடுத்தவர்களே 19 பேர்தான். திட்டமிட்டு ஒருவரைத் தேடிப் போய் அடிப்பது வலிப்பின் வேலையே அல்ல.

அடுத்து, எந்த வலிப்பு என்பது. நம் வேலூர் பக்கம் நடத்திய கணக்கெடுப்பில் ஆயிரம் பேருக்குச் சுமார் நான்கு பேருக்கு வலிப்பு இருந்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய் மூளையில் கட்டியாக நிற்பது. பன்றிக்கறி தொடாதவர்களுக்கும் வரும், சுகாதாரமில்லாத தண்ணீர், கழுவாத காய்கறி வழியாக. அப்படி ஒரே ஒரு சின்னக் கட்டி வந்து, கரைந்து, வலிப்பும் நின்றுபோனவர்கள் என்னிடமே வருகிறார்கள். அவர்களையும், சிறுவயதிலிருந்து டெம்போரல் பகுதியில் தழும்பு உள்ளவரையும், காலையில் எழுந்ததும் கை வெட்டி வெட்டி இழுக்கும் இளவயது மயோக்ளோனிக் வகைக்காரரையும் ஒரே சொல்லில் "வலிப்புக்காரர்" என்று சேர்த்து, ஒரே குணத்தை எப்படி ஒட்டுவது?

---

ஆரணி செல்வி | திங்கள், காலை 11.20

என் மகனுக்கு நாலு வயதில் பீனோபார்பிடோன் என்ற வலிப்பு மருந்து கொடுத்தார்கள். அதுக்கப்புறம் ஒரு இடத்தில் உட்காரவே மாட்டான். எல்.கே.ஜி. டீச்சர் தினமும் புகார். "வளர்ப்பு சரியில்லை" என்று மாமியார் வீட்டில் பேச்சு. பட்டுத்தறியில் என் பக்கத்தில் உட்கார வைத்தால் பாவு நூலையே அறுத்துவிடுவான். வேறு மருந்துக்கு மாற்றி ஒரு மாதத்தில் பிள்ளை பழையபடி ஆகிவிட்டான். டாக்டர்தான் சொன்னார், குழந்தைகளுக்கு அந்த மருந்தில் இப்படி வருவது தெரிந்த விஷயம் என்று. யாரும் முன்னாடியே சொல்லியிருந்தால் நான் அவனை அவ்வளவு அடித்திருக்கமாட்டேன்.

---

காட்பாடி மீனாட்சி | திங்கள், மாலை 6.45

செல்வி, உங்களை மாதிரி எத்தனையோ அம்மாக்கள். மருந்து எழுதும்போதே "குழந்தை துறுதுறுவென்று ஆனால் வந்து சொல்லுங்கள்" என்று சொல்வதற்கு அரை நிமிடம் போதும். அதைச் சொல்லாமல் விடுவதுதான் என்னைக் கோபப்பட வைக்கிறது.

ராமமூர்த்தி ஐயா கேட்டதற்கு வருகிறேன். குணம் என்று பெயர் வைப்பதற்கு முன்னால் நான் கழித்துப் பார்ப்பவை இவை: வலிப்பை ஒட்டி வருவது, மருந்தால் வருவது, மனச்சோர்வால் வருவது, நினைவாற்றல் அல்லது பேச்சுக் குறைவால் வருவது, சுற்றி இருப்பவர்கள் நடத்துவதால் வருவது. இவையெல்லாம் போக மிச்சம் நின்றால், அது நோய் வருவதற்கு முன்பும் இருந்ததா என்று வீட்டில் வயதானவர்களைக் கேட்பேன். பல நேரம் "அவங்க தாத்தாவும் இப்படித்தான்" என்ற பதில் வரும். அது அந்தக் குடும்பத்துச் சுபாவம், அவ்வளவுதான்.

மனச்சோர்வை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டு. அதை வழக்கமான கேள்வித்தாளில் பார்த்தால் தூக்கம், சோர்வு, பசி, மறதி என்று மாத்திரையின் விளைவுகளும் கலந்துவிடும். அதற்காகவே 2006ல் என்.டி.டி.ஐ.-ஈ என்று ஆறே ஆறு கேள்விகள் கொண்ட தாள் வந்தது. கடந்த இரண்டு வாரத்தில் எதற்கெடுத்தாலும் திணறலாக இருந்ததா, செய்வதெல்லாம் தப்பாகப் போவதாகத் தோன்றியதா, குற்ற உணர்வு உண்டா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா, மனம் வெறுத்துப்போனதா, எதிலாவது மகிழ்ச்சி கிடைப்பது கஷ்டமாக இருந்ததா. மொத்தம் 24 மதிப்பெண், 15க்கு மேல் போனால் நேரில் விரிவாகப் பார்க்க வேண்டும். மூன்று நிமிட வேலை. சரவணன், உங்கள் தம்பி தனக்குக் குற்ற உணர்விலும் வருத்தத்திலும் அவ்வளவு போட்டிருக்கிறார் என்றால், ஆளுமை ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது.

பேச்சு நீளுவது பற்றியும் ஒன்று. பேச்சு மொழி பெரும்பாலும் இடது பக்கத்தில். அந்தப் பக்க டெம்போரல் பகுதியில் கோளாறு என்றால் சரியான பெயர்ச்சொல் சட்டென்று வராது. "அந்த நூல் சுத்துற கட்டைய, போன வாரம் முருகன் கடையில வாங்கினோமே, அதுக்குப் பக்கத்துல" என்று சுற்றி வளைத்துத்தான் "ராட்டை"க்கு வர முடியும். சுற்றுகிற வழியில் ஒவ்வொரு விவரமும் சேரும். கேட்பவருக்கு அது விடாப்பிடிப் பேச்சு. படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னால் இது தெரிந்துவிடும். ஆபரேஷன் பரிசோதனையில் அந்தச் சோதனையும் இருந்திருக்கும், அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள்.

---

குடியாத்தம் சரவணன் | செவ்வாய், இரவு 9.15

இந்த இழையைத் தம்பியிடம் காட்டினேன். முதலில் கோபப்பட்டான், "என்ன கேக்காம என்னைப் பத்தி ஊர் பேசுதா" என்று. அப்புறம் முழுசாகப் படித்தான். கீழே இருப்பது அவன் தட்டச்சு செய்தது.

"நான்தான் அந்தத் தம்பி. அண்ணன் நோட்டைப் பற்றி எழுதியதால் சொல்கிறேன். எனக்கு மறந்துவிடுகிறது. வலிப்பு வந்த அன்றைக்குக் காலையில் நடந்தது மொத்தமும் போய்விடும். ஒருமுறை தறிக்காரர் ஒருவருக்குக் கூலி கொடுத்துவிட்டு, கொடுக்கவில்லை என்று சாதித்தேன். அவர் பிள்ளை மேல் சத்தியம் செய்தார். அதற்கு அப்புறம்தான் எழுத ஆரம்பித்தேன். நேற்றைய பக்கம் இது: 6.10 எழுந்தேன். 6.30 மாத்திரை, அம்மா பார்த்தார். 8.00 சேகர் அண்ணனுக்குச் சிவப்பு நூல் ஆறு கட்டு, கையெழுத்து வாங்கினேன். 9.20 வயிற்றிலிருந்து பயம் மேலே ஏறியது, நின்றுவிட்டது. 10.00 சித்தப்பா வந்தார், நான் சாப்பிட்டேனா என்று அண்ணனிடம் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. தாளில் 'நீங்கள் நிறைய எழுதுவீர்களா' என்று இருந்தது. ஆமாம் போட்டேன். ஏன் எழுதுகிறேன் என்று தாளில் இடம் இல்லை. எழுதாவிட்டால் நான் கணக்கு பார்க்க முடியாது. கோபம் வருவது உண்மை. எனக்கே பிடிக்கவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு அதையே நினைப்பேன். அந்த ஆறு கேள்வியையும் படித்தேன். நாலாவது கேள்விக்குச் சில நாள் ஆமாம்."

இதைப் படித்துவிட்டு நானும் அம்மாவும் அவனோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம்.

---

ஆம்பூர் நிலா | செவ்வாய், இரவு 9.50

தம்பி, எழுதியதற்கு நன்றி. நாலாவது கேள்வி எனக்கும் இருந்த கேள்விதான். வியாழன் வரை காத்திருக்க முடியாத மாதிரி ஒரு ராத்திரி வந்தால் அண்ணனை எழுப்புங்கள், இல்லையென்றால் 14416க்கு போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள், எந்நேரமும் எடுப்பார்கள். அண்ணா, மாத்திரைகளை அம்மா கையில் வைத்திருக்கட்டும், வேளாவேளைக்கு எடுத்துக் கொடுக்கட்டும்.

---

காட்பாடி மீனாட்சி | செவ்வாய், இரவு 10.30

தம்பி, அந்த நோட்டை வியாழக்கிழமை கட்டாயம் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த ஆளுமைத் தாளும் தராத விவரம் அதில் இருக்கிறது. "வயிற்றிலிருந்து பயம் ஏறியது" என்பது டெம்போரல் வலிப்பின் ஆரம்ப உணர்வு. அதை நேரத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அதே பக்கத்தில் கோபம் வந்த நேரத்தையும் குறித்தால் வலிப்புக்கு முன்னா, பின்னா, மாத்திரை போட்ட பிறகா என்று டாக்டருக்கே தெரிந்துவிடும். கெஷ்விண்ட் சொன்ன வகை எழுத்தும் உண்டு. பக்கம் பக்கமாக உபதேசம், அண்டத்தின் ரகசியம், ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. அது வேறு, உங்கள் நோட்டு வேறு. எவ்வளவு எழுதுகிறார் என்று மட்டும் எண்ணினால் இந்த வித்தியாசம் தெரியாது. அதனால் அந்த ரிப்போர்ட்டில் உங்கள் விளக்கத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொரு விஷயம். இந்தியாவில் வலிப்புக்கான அறுவை சிகிச்சை ஆரம்பித்ததே நம் வேலூரில்தான். 1949ல் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி தொடங்கினார், 1952ல் முதல் வலிப்பு அறுவை சிகிச்சை நடந்தது. பாகாயத்தில் உள்ள அதன் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது பல பத்தாண்டு வழக்கம். எனக்கு அந்த முறை மேல் தனி மதிப்பு உண்டு. ஒரு மணி நேரக் கேள்வித்தாளில் வராதது, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது தெரியும்.

---

வாலாஜா ராமமூர்த்தி | புதன், காலை 6.30

தம்பி எழுதியதைப் படித்தேன். "என்னிடம் கேட்கவில்லை" என்ற வரி என்னை விடவில்லை. மூளைக்கும் குணத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதில் நான் மாறவில்லை. ஆனால் இத்தனையும் கழித்துப் பார்த்த பிறகே அதைப் பேச வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். சரவணன், திருமணத்துக்குச் சட்டத்தில் தடை உண்டு என்று ஊரில் சொல்வார்கள். அது விசாரித்தீர்களா?

---

ராணிப்பேட்டை டாக்டர் | புதன், காலை 8.00

ஐயா, அந்தத் தடை 1999லேயே போய்விட்டது. இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்த வலிப்பு என்ற சொல்லையே நீக்கிவிட்டார்கள். ஆனால் பெண் வீட்டாரிடம் மறைத்துச் செய்யாதீர்கள். மறைத்தால் மாத்திரையை ஒளித்துப் போட வேண்டிவரும், ஒரு வேளை தவறும், தூக்கம் கெடும், வலிப்பு வரும். கல்யாணம் முடிந்த கையோடு இப்படி வருபவர்களை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

---

குடியாத்தம் சரவணன் | சனி, மாலை 4.20

வியாழக்கிழமை போய்வந்தோம். ஆறு கேள்வித் தாளில் தம்பிக்கு 17 வந்தது. நரம்பியல் டாக்டர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். புது மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறார். மனநல டாக்டரிடமும் அன்றைக்கே பேச வைத்தார், இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். படம் பார்த்துப் பெயர் சொல்லும் சோதனையில் தம்பிக்குக் குறைவுதான், மீனாட்சி மேடம் சொன்னபடியே. ஆளுமைத் தாளை மருந்து மாற்றி, மனசு தெளிந்த பிறகு மறுபடி வைக்கலாம், இப்போது வந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்றார்கள். அதை எழுத்தில் வாங்கிவந்து சித்தப்பாவிடம் தம்பியே படித்துக் காட்டினான். பெண் பார்ப்பதை ஆடி முடியும்வரை தள்ளி வைத்திருக்கிறோம், அது அவன் கேட்டது.

ஆரணி செல்வி அக்கா, உங்கள் பையனுக்கு எந்த மருந்துக்கு மாற்றினார்கள் என்று டாக்டர் கேட்கச் சொல்லவில்லை, ஆனால் எங்கள் தெருவில் ஒரு அம்மா கேட்கிறார். அவர் பிள்ளைக்கும் அதே பீனோபார்பிடோன், அதே ஓட்டம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.